ரெஸ்பான்ஸ் உடனே வந்துவிடுகிறது, அசர்ஷனுக்கு மட்டும் ஏன் அரை நிமிடம் ஆகிறது?

நீங்கள் டெஸ்டை ரெஸ்ட் அஷ்யூர்டில் (ஜாவாவில் ஏபிஐ டெஸ்ட் எழுதும் லைப்ரரி) ஓட்டுகிறீர்கள், வருவது எக்ஸ்எம்எல்லோ எக்ஸ்எச்டிஎம்எல்லோ என்று வைத்துக்கொள்கிறேன். ஜேசன் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு உதவாது, திட்டாதீர்கள்.

எங்களுக்கும் இதே கூத்துதான். சர்வீஸ் 200 மில்லிசெகண்டில் பதில் கொடுத்துவிடும். அடுத்து, தலைப்பு சரியா என்று பார்க்கிற ஒரு சாதாரண அசர்ஷன். அதில் போய் அரை நிமிடம் உட்கார்ந்துவிடும். ராத்திரி போட்ட பில்டு காலையில் நான் ஆபீஸ் வரும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். "எங்க லாக் கிளீனா இருக்கு, உங்க ஸ்கிரிப்டைப் பாருங்க" என்று டெவலப்பர்கள் கைகழுவிவிட்டார்கள். நானும் இரண்டு வாரம் ஹாம்கிரெஸ்ட் மேட்சர்களை (மதிப்பை ஒப்பிடும் வரிகள்) மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசியில், டெஸ்ட் தொங்கி நிற்கும்போது ஜேஸ்டாக் (ஜாவா அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் கமாண்ட்) எடுத்தோம். பத்து செகண்ட் இடைவெளியில் மூன்று முறை. மூன்றிலும் மெயின் த்ரெட் ஒரே இடத்தில்: மேலே சாக்கெட் ரீட், அதாவது நெட்வொர்க்கிலிருந்து டேட்டாவுக்குக் காத்திருப்பது; அதற்குக் கீழே செர்சஸின் (எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் ஜாவா பார்சர்) எக்ஸ்எம்எல்என்டிட்டிமேனேஜர். இரண்டு சொல்லை ஒப்பிட எதற்கய்யா சாக்கெட்? ரெஸ்பான்ஸைத் திறந்து பார்த்தால் உச்சியிலேயே டாக்டைப் (ஆவணம் எந்த வகை என்று சொல்லும் வரி), அதற்குள் டபிள்யூ3.ஆர்க் முகவரி. நீங்கள் வேலிடேஷன் கேட்காவிட்டாலும் செர்சஸ் அந்த முகவரியில் இருக்கும் டிடிடியை (ஆவணத்தின் விதிகள் அடங்கிய ஃபைல்) இறக்கக் கிளம்பிவிடும், டீஃபால்ட்டே அப்படித்தான். எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 என்றால் கூடவே மூன்று என்டிட்டி ஃபைல்கள் (சிறப்பு எழுத்துகளுக்கான பெயர்கள் கொண்டவை) வேறு. நாங்களோ ஒவ்வொரு அசர்ஷனுக்கும் ரெஸ்பான்ஸைப் புதிதாகப் பார்ஸ் செய்துகொண்டிருந்தோம், அதாவது முதலிலிருந்து படித்துப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் தளத்தை நடத்தும் டபிள்யூ3சி மேல் தப்பில்லை. இந்த மாதிரி ரிக்வெஸ்ட்கள் ஒரு நாளைக்கு 13 கோடி வரை வருவதாக 2008-லேயே அவர்கள் புலம்பினார்கள். அதனால் வேண்டுமென்றே தாமதப்படுத்திப் பதில் தரத் தொடங்கினார்கள்.

மாற்ற வேண்டியது ஒரே வரி: ரெஸ்ட் அஷ்யூர்டின் எக்ஸ்எம்எல்கான்ஃபிக்கில் டிஸேபிள்லோடிங்ஆஃப்எக்ஸ்டர்னல்டிடிடி. செர்சஸை நேரடியாகப் பயன்படுத்தினால் லோட்-எக்ஸ்டர்னல்-டிடிடி ஃபீச்சரை ஃபால்ஸ் ஆக்குங்கள். "அப்படியென்றால் என்பிஎஸ்பி (உடையாத இடைவெளி) போன்ற என்டிட்டிகள் என்னாகும்?" என்று யாராவது சண்டைக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: சத்தமில்லாமல் காணாமல் போகலாம். அவை வேண்டுமென்றால் டிடிடியை உங்கள் ப்ராஜெக்ட்டிலேயே வைத்து, என்டிட்டி ரிசால்வரை (டிடிடியை எங்கிருந்து எடுப்பது என்று பார்சருக்குச் சொல்வது) அதன் பக்கம் திருப்புங்கள். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். எங்கள் பில்டு மெஷினில் டெஸ்டர்களுக்கு லாகின் கிடையாது. அந்த மூன்று ஜேஸ்டாக்கும் ஒரு டெவலப்பர் தம்பியின் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கமாண்டை நான் சொல்லச் சொல்ல அவர் அடித்தது. ரிலீஸ் மெயிலில் பில்டு வேகமானதற்கு நன்றி என்று அவர் பெயர்தான் வந்தது. பாவம், அவரே வந்து சாரி சொன்னார். லாகின் கேட்டு நான் போட்ட டிக்கெட் இன்னும் ஓபனில்தான் இருக்கிறது.