மன ஆலோசகர் அறிவுரைதானே சொல்வார்?

"கவுன்சிலிங் போனால் சந்தோஷமாக இருங்கள் என்று அறிவுரைதானே சொல்வார்கள்? அதை எங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்கிறார்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூரில் இந்த வேலையைச் செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அறிவுரைதான் வேண்டுமென்றால் பெரியவர்களே போதும், கட்டணமும் மிச்சம்.

எங்களிடம் வந்து உட்கார்ந்ததும் "என் மனநலம் குறைந்துவிட்டது" என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர் தலை பாரம் என்பார். குடியாத்தத்தில் பீடி சுற்றும் அம்மா, நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை என்பார். டாக்டர் பார்த்துவிட்டாரா என்று முதலில் கேட்போம். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும்கூட ஆளைச் சோர்வாக்கிவிடும். பிறகு அவர் சொன்ன சொற்களைப் பிடித்துக்கொண்டே பேச்சு போகும். எப்போது படபடக்கிறது? அந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? முன்பு ஆசையாகச் செய்த எதை இப்போது விட்டுவிட்டீர்கள்?

எங்களில் சில ஆலோசகர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து வரிப் படிவத்தை நிரப்பக் கொடுப்பார்கள். கடந்த இரண்டு வாரங்களில் உற்சாகமாக இருந்தீர்களா, காலையில் களைப்பின்றி எழுந்தீர்களா என்பது போன்ற ஐந்து வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 25க்கு 13க்குக் கீழே வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று மேலும் விசாரிப்போம். கத்திரி வெயிலில் கரன்ட் போன இரவுக்குப் பிறகு வேலூரில் யார் களைப்பின்றி எழுவார்கள்? அதனால் மதிப்பெண்ணை மட்டும் நம்ப முடியாது.

எனக்குப் பிடித்தது வேறொரு கேள்வி. 1980களில் அமெரிக்காவில் ஸ்டீவ் டி ஷேசர், இன்சூ கிம் பெர்க் என்ற இரு சிகிச்சையாளர்கள் வளர்த்தெடுத்த, பிரச்சினையைவிடத் தீர்வைப் பற்றியே பேசும் ஆலோசனை முறையில் வருவது. "எல்லாம் நன்றாக இருந்தால் பத்து என்றால், இன்று எத்தனை?" என்று கேட்போம். "மூன்று" என்பார். "ஏன் பத்து இல்லை?" என்று கேட்டால் குறைகளின் பட்டியல்தான் வரும். "ஏன் இரண்டாக இல்லை?" என்று கேட்டால் கொஞ்ச நேரம் யோசிப்பார். "சாயங்காலம் அக்கா போன் பண்ணுகிறாள்" என்பார். அப்படியானால் நாலாக என்ன நடக்க வேண்டும்? அதையும் அவர்தான் சொல்ல வேண்டும். நாங்கள் சொன்னால் மறுபடி அறிவுரையாகிவிடும்.

இங்கே பெரும்பாலும் குடும்பத்தோடுதான் வருகிறார்கள். வேலூர் பாகாயத்தில் 1957இல் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்திலும் நோயாளியோடு வீட்டார் தங்குவது பழைய வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் "தூக்கம் எப்படிம்மா?" என்று மகளைக் கேட்டால் பதில் அம்மாவிடமிருந்து வரும். அம்மா கேட்கும் நலம் மகளின் கல்யாணம். மகள் கேட்பதோ ராணிப்பேட்டை வேலையை விடாமல் இருப்பது. நடுவில் நாங்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. சேர்ந்தும் பேசுவோம், தனித்தனியாகவும் பேசுவோம்.

தனியாகச் சொன்னதை வீட்டில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் முதல் நாளே கேட்டுவிடுங்கள். உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகள் தவிர, உங்கள் சம்மதமின்றிச் சொல்லக்கூடாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416; கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.