மீன் தங்கும் பாரை மூடினால் மீன்பாடு எங்கே?

கேள்வி: பட்டினப்பாக்கத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். எங்கள் கடலில் ஒரு பகுதியைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. ஊர்க் கூட்டத்தில் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

பதில்: எந்தப் பெயரில் அறிவிக்கப் போகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். 1986-இல் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி மீன்பிடிக்க முடியாது. 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் அமைந்த கடற்பசுப் பாதுகாப்பகம் வேறு வகை. உள்ளூர் மக்களைக் கலந்து பேசித்தான் அப்படி அறிவிக்கச் சட்டம் இடம் தருகிறது. சரணாலயம் என்றாலும், மீனவர் தொழிலுக்குப் பாதுகாப்பு செய்த பிறகே கடலில் எல்லை வகுக்க வேண்டும் என்கிறது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம்.

அடுத்தது, எந்த மீனுக்காக என்ற கேள்வி. பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இங்கேதான். களவா மீன் பாறையை விட்டு அதிகம் நகராது. அது தங்கும் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், சிறு பகுதியை மூடினாலே போதும். உள்ளே பெருத்த மீன் வெளியேயும் வரும். ஒரு முழ மீன், அரை முழ மீனைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு எடை இருக்கும், சினையும் அதற்கேற்ப. வஞ்சிரமும் மத்தியும் அப்படியல்ல. அவை ஓடுகிற மீன்கள். துண்டுக் கடலை மூடி அவற்றைக் காக்க முடியாது. அவற்றுக்கு வலைக் கண்ணியின் அளவுக் கட்டுப்பாடும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடையும்தான் பயன்படும்.

இன்னொன்றையும் அழுத்திக் கேளுங்கள். 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காக்காமல் நாட்டுப்படகுக்கு மட்டும் புதுக் கோடு போடுவது, என் பார்வையில், பாதுகாப்பு ஆகாது.

எல்லையை ஜிபிஎஸ் எண்ணாக மட்டும் எழுத விடாதீர்கள். கலங்கரை விளக்கமும் கரையில் தெரியும் வேறொரு கட்டடமும் ஒரே நேர்க்கோட்டில் வரும் இடம் என்பது போல, படகிலிருந்து பார்த்தே சொல்லும்படி இருக்க வேண்டும்.

கூட்டத்துக்கு முன் பெரியவர்களைக் கொண்டு பார்களை ஒரு தாளில் குறித்துவையுங்கள். மீன் விற்கும் பெண்களையும் அழையுங்கள். எந்த மாதம் எந்த மீனின் வயிற்றில் சினை இருந்தது என்பது அரிவாள்மனையில் உட்காருகிறவர்களுக்குத்தான் தெரியும்.