ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

கேள்வி: எனக்கு வயது 46. கோத்தகிரி பக்கம் ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது என்பதால் நானும் கணவருமே இலை எடுக்கிறோம். மூன்று வருடமாக இடுப்பு வலி. ஸ்கேனில் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை, ரெஸ்ட் எடுங்கள் என்றார்கள். படுத்துக் கிடந்தால் எழும்போது வலிக்கிறது. வேலை செய்தால் இரண்டு நாள் படுக்கை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். கணவர் நல்லவர், எதுவும் சொல்ல மாட்டார். பெரிய மகனுக்குக் கோவையில் வேலை. சின்னவன் ஊட்டியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வீட்டில் இருப்பதால் அன்றைக்கு மட்டும் காலையிலேயே மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டு கம்பளி துவைப்பது, விறகு கொண்டுவருவது, கறிச் சமையல் எல்லாம் முடித்துவிடுவேன். நான் எவ்வளவு வேலை செய்யலாம், எவ்வளவு ஓய்வெடுக்க வேண்டும்?

பதில்: போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிலிருந்தே தொடங்குகிறேன். வாரத்தில் கணவர், இரண்டு மகன்கள் என்று மூன்று ஆண்களும் வீட்டில் இருக்கிற ஒரே நாள் அது. ஈரக் கம்பளியைப் பிழியவும் விறகுக் கட்டைத் தூக்கவும் ஆறு கைகள் கூடுதலாகக் கிடைக்கிற அந்த நாளில்தான், வலிக்கிற இடுப்புக்கு மாத்திரையைக் கொடுத்து எல்லாவற்றையும் நீங்களே இழுத்துப் போட்டுச் செய்கிறீர்கள். திங்களும் செவ்வாயும் படுக்கை. அப்போது பிள்ளைகள் ஊரில் இல்லை. மூன்று வருடமாக அம்மா எழ முடியாமல் கிடப்பதை அவர்கள் ஒருநாள்கூடக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்கக் கூடாது என்பதற்குத்தானே அந்த இரண்டு மாத்திரை?

இதைப் பாசம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. தலைக்குமேல் வளர்ந்த பிள்ளையிடம் தாய் தன் வலியை மறைத்தால், அவன் செய்ய வேண்டிய கடமையை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறாள். நாளைக்கு அவன் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் சாப்பாடு ஆயிற்றா என்றுதான் கேட்பான். அவன் இந்த வீட்டில் பார்த்து வளர்ந்தது அதைத்தான். கணவர் எதுவும் சொல்ல மாட்டார் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் சொல்லாமல் இருப்பதோடு விறகையும் தூக்கட்டும், அப்போது நல்லவர் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.

இனி உங்கள் கேள்வி. மூன்று மாதம் தாண்டியும் விடாமல் இருக்கிற வலியில், நரம்புகளும் மூளையும் சின்ன உரசலுக்கே பெரிய எச்சரிக்கை கொடுக்கப் பழகிவிடுகின்றன. டிஸ்க் பிதுக்கம் வலியே இல்லாத பலருடைய ஸ்கேனிலும் தெரியும். அதனால் வலிக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ கிழிகிறது என்று அர்த்தமில்லை. அதற்காக வலியை மிதித்துக்கொண்டு ஓடவும் கூடாது. ஒருநாள் அளவுக்கு மீறி உழைத்து இரண்டு நாள் அசையாமல் படுத்தால், அந்த இரண்டு நாளில் முதுகுத் தசை இளைக்கிறது, மூட்டு இறுகுகிறது. அடுத்த முறை அதே வேலைக்குப் பாதி நேரத்திலேயே வலி வருகிறது. மூன்று வருடமாக உங்களுக்கு நடப்பது இதுதான். முதல் வருடம் எவ்வளவு நேரம் நின்று இலை எடுத்தீர்கள், இப்போது எவ்வளவு நேரம் முடிகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே எப்போது நிறுத்துவது என்பதை இனி கடிகாரம் சொல்லட்டும். வலி வந்த பிறகு நிறுத்துவதும் தப்பு, வலி இல்லை என்று தொடர்வதும் தப்பு. ஒரு நோட்டு எடுங்கள். வலி மாத்திரை போடாத மூன்று நாள், அதில் ஒன்றாவது மோசமான நாளாக இருக்கட்டும், ஒவ்வொரு வேலையையும் தொடங்கியதிலிருந்து எத்தனை நிமிடத்தில் வலி கூடுகிறது என்று எழுதுங்கள். இலை எடுப்பதற்கு 40, 25, 35 நிமிடம் என்று வந்தால் சராசரி 33. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறத்தாழ 26. உங்கள் அளவு 25 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் கிள்ளுவதையும் கத்தரியால் வெட்டுவதையும் தனித்தனியாக அளக்க வேண்டும். கத்தரியோடு பொருத்திய பெட்டியில் இலை சேரச் சேர எடை முழுக்க உடம்புக்கு முன்னால் நிற்பதால் இடுப்பு சீக்கிரம் களைக்கும். குனிந்து பெருக்குவது, உட்கார்ந்து காய் நறுக்குவது, ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறுவது, இவற்றுக்கும் அளவு வேண்டும். மாத்திரை போட்ட நாளில் அளந்தால் அந்தக் கணக்கு பொய்.

போனில் அலாரம் வையுங்கள். 25 நிமிடம் ஆனதும் நிறுத்திவிடுங்கள், உடம்பு லேசாக இருந்தாலும் சரி. இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். இந்த ஒரு வரிசை முடியட்டும், எடை போட வண்டி வந்துவிடும் என்று கை ஓடும். அந்த ஒரு வரிசைக்குத்தான் மறுநாள் காலையில் இடுப்பு கணக்குக் கேட்கிறது. நிறுத்தியதும் பையை இறக்கி வைத்துவிட்டு, மேடான பக்கம் திரும்பி நின்று, கையை இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்னால் நாலைந்து தடவை வளையுங்கள். அப்படி வளையும்போது காலுக்கு வலி இறங்கினால் அதை விட்டுவிட்டுச் சமமான இடத்தில் மெல்ல நடங்கள். பத்து நிமிடம் போதும். தரையில் குந்தி பீன்ஸ் உரிப்பது ஓய்வுக் கணக்கில் சேராது, அது வேறொரு வேலை.

பையை நிரம்ப விடாதீர்கள். ஐந்து கிலோ சேர்ந்ததும் பாதையோரச் சாக்கில் கொட்டிவிடுங்கள். சாக்கை எடைக்குத் தூக்குவது உங்கள் கணவர் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த இலை கனம் கூடும், பாதையும் வழுக்கும், அப்போது மூன்று கிலோவிலேயே கொட்டுங்கள். இலை முற்றினால் விலை போய்விடுமே என்று நீங்கள் பயப்படலாம், அது நியாயம்தான். அதனால்தான் ஒரு ஏக்கரையும் இரண்டு நாளில் முடிக்கப் பார்க்காமல், ஆறு துண்டாகப் பிரித்து நாளுக்கு ஒன்று எடுக்கச் சொல்கிறேன். இலை கொஞ்சமாக இருக்கிறதென்றால் பக்கத்துத் தோட்டக்காரரின் இலையோடு சேர்த்து அனுப்பப் பேசிப் பாருங்கள். மார்கழிக் குளிரில் எழுந்ததும் தோட்டத்தில் இறங்காதீர்கள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கால்மணி நேரம் இடுப்பில் வைத்து, வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடந்துவிட்டுப் போங்கள்.

ஒரு வாரம் இந்த அளவு தாங்கினால் அடுத்த வாரம் இரண்டு மூன்று நிமிடம் கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். வலி கிளம்பிவிட்டால் பாதியாகக் குறையுங்கள், 12 நிமிடம். பூஜ்யத்துக்குப் போகாதீர்கள். அன்றும் வீட்டைச் சுற்றி மூன்று நான்கு தடவை நடக்க வேண்டும், பகலில் படுத்தால் அரைமணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும். இரண்டு நாளில் பழைய அளவுக்குத் திரும்புங்கள்.

இவ்வளவையும் ஆறு நாள் ஒழுங்காகச் செய்துவிட்டு ஏழாம் நாள் கம்பளி பிழிந்தால் எல்லாம் வீண். எனவே வருகிற சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். “எனக்கு மூணு வருஷமா வலி. ஞாயித்துக்கிழமை மாத்திரை போட்டுத்தான் வேலை செய்யறேன். நீங்க கிளம்புனதும் ரெண்டு நாள் படுத்துக் கிடக்கேன். இனிமே கம்பளி பெரியவனுக்கு, விறகு சின்னவனுக்கு, கறி வெட்டறதும் பாத்திரம் கழுவறதும் அப்பாவுக்கு.” இப்படியே, பெயர் சொல்லி, வேலை சொல்லி. யாராவது கொஞ்சம் உதவி செய்யுங்கள் என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

கேட்டதும் பதறிப்போய், நீ ஒண்ணும் செய்யாதேம்மா, போய்ப் படு என்பார்கள். அதற்கும் சம்மதிக்காதீர்கள். முழுச் சுமையைப் போலவே முழுப் படுக்கையும் உங்களுக்கு ஆகாது. குழம்பைக் கூட்டுங்கள், 15 நிமிடம் நின்றால் பிறகு ஸ்டூலில் உட்காருங்கள். கம்பளியில் சோப்பு நுரை மிச்சமிருக்கும், விறகு கோணலாக அடுக்கியிருக்கும். இருக்கட்டும். திரும்ப எடுத்து நீங்கள் செய்தீர்களானால், அடுத்த வாரம் அவர்கள் தொட மாட்டார்கள்.

அந்த மாத்திரை என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. மெடிக்கலில் கேட்டதும் கொடுப்பதில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் மாதிரியான மருந்து இருக்கும். அது வயிற்றைப் புண்ணாக்கும், பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் இனி அதைப் போடாதீர்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஊருக்கு யார், எப்போது வருகிறார்கள் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, கால் பலமிழந்து இழுத்தாலோ இந்த நோட்டையெல்லாம் வைத்துவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வலியோடு காய்ச்சல் வந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

மற்றபடி ஒரு மாதம் எழுதிய நோட்டையும் அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். பெரியவனை ஒருநாள் லீவு போடச் சொல்லிக் கூட அழைத்துப் போங்கள். மருத்துவர் கேட்கிற கேள்விகளுக்கு நீங்கள் சொல்லும் பதிலை அவனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.