திரையில் 40, கணினியில் 42: எதை நம்புவது?

கேள்வி: கோவையில் ஒரு மருத்துவமனையின் ஸ்லீப் லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். குழந்தைகளுக்கு இரவுத் தூக்கப் பரிசோதனை செய்யும்போது, மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை அளக்க கேப்னோகிராஃப் வைக்கிறோம். அதன் அனலாக் அவுட்புட்டை, அதாவது அளவுக்கேற்ப ஏறி இறங்கும் வோல்ட் சிக்னலை, ஒயர் போட்டு, பதிவு மென்பொருளின் ஒரு சேனலுக்குக் கொடுத்திருக்கிறோம். மென்பொருளில் கேலிப்ரேஷன் (அளவைச் சரிபார்த்துப் பொருத்துவது) செய்யும்போது, மூச்சை இழுக்கும் சாம்பிள் டியூபை வெறும் காற்றில் விட்டு 0 என்றும், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உள்ள வாயு சிலிண்டரைக் காட்டி 38 என்றும் போடுகிறேன். அப்படியும் இரண்டும் ஒத்துப்போவதில்லை. கேப்னோகிராஃப் மானிட்டரின் திரையில் 20 என்றால் கணினியில் 21. திரையில் 40 என்றால் கணினியில் 42. சிலிண்டர் பழையதாகிவிட்டதா, மானிட்டர் கெட்டுவிட்டதா, மென்பொருளில் தப்பா?

பதில்: நீங்கள் 20, 40 என்று இரண்டு இடத்து எண்களையும் எழுதியது நல்லதாகப் போயிற்று. ஒரே ஒரு எண்ணை மட்டும் எழுதியிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து ஊகித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். 20-ல் 1 கூடுகிறது, 40-ல் 2 கூடுகிறது. அளவு ஏற ஏற வித்தியாசமும் அதே விகிதத்தில் ஏறுகிறது. அப்படியானால் பூஜ்யம் சரியாக இருக்கிறது. பெருக்கும் எண்தான் தவறு. எல்லா இடத்திலும் ஒரே 2 கூடியிருந்தால் பூஜ்யத்தைச் சந்தேகப்பட்டிருக்கலாம். உங்கள் சிலிண்டரும் மானிட்டரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. நீங்கள் தட்டச்சு செய்த அந்த 38-தான் கோவைக்குப் பொருந்தாத எண்.

38 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதில் 5 சதவீதம் 38. பல கையேடுகளில் இந்த எண் அப்படியே அச்சாகியிருக்கும். சென்னையில் இருப்பவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். கோவையோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 724 தான் இருக்கும். அதில் 5 சதவீதம் 36.2. அதாவது 36.2 அளவுள்ள வாயுவைக் காட்டி, ‘இது 38’ என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். 38-ஐ 36.2-ஆல் வகுத்தால் 1.05. இனி மென்பொருள் எதைப் பார்த்தாலும் 1.05-ஆல் பெருக்கித்தான் காட்டும். 20 இருந்தால் 21, 40 இருந்தால் 42. உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்கள் அப்படியே வந்துவிட்டன. இதே சிலிண்டரை உதகைக்குக் கொண்டுபோனால் 29 பக்கம்தான் வரும். சிலிண்டருக்குள் இருப்பதில் மாற்றமில்லை, சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம்தான் குறைகிறது.

மானிட்டர் ஏன் ஏமாறவில்லை? கார்பன் டை ஆக்சைடு 4.26 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை விழுங்கும். டியூப் வழியாக இழுத்த மூச்சை ஒரு சின்ன அறைக்குள் விட்டு, கதிர் எவ்வளவு குறைந்து வெளியே வருகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கருவியின் வேலை. கதிரின் வழியில் எத்தனை மூலக்கூறுகள் நிற்கின்றன என்பதைத்தான் அதனால் அறிய முடியும். சதவீதம் அதற்கு நேரடியாகத் தெரியாது. அதனால் இப்போதைய மானிட்டர்களில் பெரும்பாலும் உள்ளேயே ஒரு காற்றழுத்த சென்சார் இருக்கும். உங்களுடையதிலும் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் உங்கள் எண்கள் சொல்கின்றன. நாளைக்கே சிலிண்டரைக் காட்டி மானிட்டர் திரையைப் பாருங்கள். 36 என்று நின்றால் நான் சொன்னது உறுதி.

வேறொரு மானிட்டரில் 34 என்று நின்றால் பதற வேண்டாம். சில மானிட்டர்கள் மூச்சில் இருக்கும் நீராவிக்கென்று 47-ஐக் கழித்துவிட்டுக் கணக்குப் போடும். 724-ல் 47 போனால் 677, அதில் 5 சதவீதம் 33.9. உடல் வெப்பத்தில் நீராவி நிறைந்த காற்றுக்குத் திருத்தம் போடும் தேர்வு செட்டிங்ஸில் இருக்கும். அது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்து, லேப் நோட்டில் எழுதிவையுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கேலிப்ரேஷன் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் சொல்கிறோம். வாயுவைக் காட்டி மானிட்டரின் எண் சரியா என்று பார்ப்பது ஒன்று. மானிட்டர் அனுப்பும் வோல்ட்டை மென்பொருள் சரியான எண்ணாக மாற்றுகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதற்குச் சிலிண்டரே தேவையில்லை. நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டீர்கள். பலரும் செய்வதுதான். இதில் ஆபத்து என்னவென்றால், ஒருநாள் மானிட்டர் உண்மையிலேயே தவறாகக் காட்டினாலும், மென்பொருளில் 38 என்று போட்டு அந்தத் தவறை நீங்களே மறைத்துவிடுவீர்கள். திரை ஒன்று சொல்லும், ரிப்போர்ட் இன்னொன்று சொல்லும், எது எப்போது மாறியது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் மென்பொருள் பக்கம். பல மானிட்டர்களில் அனலாக் அவுட்புட்டைச் சோதிக்கவே ஒரு மெனு உண்டு. அதில் போனால் பூஜ்ய சிக்னலையும் முழு அளவு சிக்னலையும் கருவியே அனுப்பும். பேச்சுக்கு, 1 வோல்ட் என்றால் 100 என்று கையேட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூஜ்ய சிக்னல் வரும்போது மென்பொருளில் 0 என்றும், முழு சிக்னல் வரும்போது 100 என்றும் கொடுங்கள். வேலை முடிந்தது. அந்த மெனு இல்லையென்றால் ஒரு மல்டிமீட்டர் போதும். வாயுவைக் காட்டி, திரையில் 36 நிலையாக நிற்கும்போது ஒயரின் முனையில் அளந்தால் 0.36 வோல்ட் இருக்க வேண்டும். இருந்தால், அந்த நேரத்தில் திரையில் என்ன எண் தெரிகிறதோ அதையே மென்பொருளில் போடுங்கள். கையேட்டு எண்ணும் வேண்டாம், மனக்கணக்கும் வேண்டாம். மானிட்டரில் சீரியல் போர்ட் இருந்து, உங்கள் மென்பொருளும் அதை ஏற்றுக்கொள்ளும் என்றால் அந்த வழியே போய்விடுங்கள். எண் எண்ணாகவே வந்து சேரும், இந்த வோல்ட் பிரச்சினையே கிடையாது.

சேனல் செட்டிங்கில் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள்: ஹை பாஸ் ஃபில்டர். தூக்கப் பரிசோதனை மென்பொருள்கள் மூளை அலைகளையும் மூச்சுக்காற்றின் ஓட்டத்தையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. புதிதாக ஒரு சேனல் சேர்த்தால் 0.1 ஹெர்ட்ஸ் போன்ற ஒரு ஃபில்டர் தானாகவே வந்து உட்கார்ந்திருக்கலாம். அது மெதுவாக மாறும் எதையும் துடைத்துவிடும். நமக்கு வேண்டியதே அந்த மெதுவான மாற்றம்தான். இரவு 11 மணிக்கு 42 ஆக இருந்தது விடியற்காலையில் 53 ஆக ஏறியதா என்பதுதானே கேள்வி. பல வருடங்களுக்கு முன், தசைநோய் இருந்த ஒரு சிறுவனுக்கு முழு இரவும் பதிவு செய்தோம். அலைகள் அழகாக இருந்தன. காலையில் உற்றுப் பார்த்தபோதுதான் ஒவ்வொரு அலையும் பூஜ்யக் கோட்டுக்குக் கீழே இறங்கி ஏறுவதைக் கவனித்தேன். மூச்சில் கார்பன் டை ஆக்சைடு பூஜ்யத்துக்குக் கீழே போக வழியே இல்லை. ஃபில்டரை அணைக்காமல் விட்டது நான்தான். அந்தக் குழந்தையை மறுபடியும் வரவழைத்து, மறுபடியும் அத்தனை ஒயரையும் ஒட்டினோம். அவன் அம்மாவின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து அலை கோட்டுக்குக் கீழே போகிறதா என்று பார்க்காமல் நான் விளக்கை அணைப்பதில்லை.

அலை தலைகீழாகத் தெரிந்தால் சேனலின் போலாரிட்டியை மாற்றுங்கள். உச்சி வெட்டுப்பட்டது போல் தட்டையாக இருந்தால் இன்புட் ரேஞ்சைக் கூட்டுங்கள். இவை இரண்டும் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது மானிட்டரின் பக்கம். இங்கேதான் சிலிண்டர் வேலை. ரெகுலேட்டரின் குழாயைச் சாம்பிள் டியூபில் நேராகச் சொருகுவதை நிறைய இடங்களில் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அழுத்தத்தோடு வாயு உள்ளே போனால் அறைக்குள் மூலக்கூறுகள் நெருங்கிவிடும், எண் கூடுதலாகக் காட்டும். நடுவில், T எழுத்துபோல் மூன்று கைகள் உள்ள ஒரு டி கனெக்டர் போடுங்கள். ஒரு கையில் சிலிண்டர், ஒரு கையில் சாம்பிள் டியூப், மூன்றாவது கை திறந்தே இருக்கட்டும். மானிட்டர் நிமிடத்துக்கு 50 மில்லி இழுப்பதும் உண்டு, 200 மில்லி இழுப்பதும் உண்டு. சிலிண்டரிலிருந்து அதைவிடத் தாராளமாக, 500 மில்லி அளவுக்கு விட்டால் மிச்சம் திறந்த கை வழியே வெளியேறிவிடும், வெளிக்காற்றும் உள்ளே கலக்காது. உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் அந்தத் திறந்த முனையைப் பிடித்தால் லேசாகக் காற்று படுவது தெரியும். தெரிந்தால் சரி. அரை நிமிடம் பொறுத்து, எண் நகராமல் நின்றபிறகு பாருங்கள்.

சிலிண்டரில் ஒட்டியிருக்கும் சான்றிதழைப் படியுங்கள். 5 என்று கேட்டு வாங்கியிருப்போம், அதில் 5.1 என்று இருக்கும். அந்த 5.1-ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். காலாவதித் தேதியையும் பாருங்கள். மீதி வாயு என்ன என்பதும் முக்கியம். மீதி முழுக்க ஆக்சிஜனாக இருந்தால், அது கார்பன் டை ஆக்சைடு கதிரை விழுங்கும் விதத்தைச் சற்று மாற்றிவிடும். மானிட்டர் தயாரிப்பாளர் சொன்ன கலவையையே வாங்குவது நல்லது.

பூஜ்யம் பார்க்கும்போது டியூபை எங்கே தொங்கவிடுகிறீர்கள்? அறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான். அதை அழுத்தக் கணக்கில் சொன்னால் 0.3 மில்லிமீட்டர் பாதரசம், பொருட்படுத்த வேண்டாம். ஆனால் நாம் வெளிவிடும் மூச்சில் நூறு மடங்கு இருக்கிறது. டியூபைக் கையில் பிடித்து, குனிந்து பார்த்துக்கொண்டே பூஜ்யம் போட்டால் உங்கள் மூச்சையே பூஜ்யமாக்கிவிடுவீர்கள். டியூபைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு எட்டு பின்னால் போய் நில்லுங்கள். இரவில் கருவி தானாகப் பூஜ்யம் பார்க்கும்போது சில நொடிகள் அலை படுத்துவிடும். அதை மூச்சு நின்றதாகக் குறித்துவிடாதீர்கள். மார்புப் பட்டையின் சேனலில் அசைவு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் மானிட்டரின் எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. ஐ.எஸ்.ஓ. 80601-2-55 என்ற தரநிலை, வாயுவின் அளவில் 8 சதவீதமும் அதன்மேல் 0.43 சதவீதப் புள்ளியும் வரை பிழையை அனுமதிக்கிறது. உங்கள் 5 சதவீத வாயுவுக்குக் கோவையில் கணக்குப் போட்டால் அது கிட்டத்தட்ட 6 வரும். ‘6 வரை போகலாம் என்றால் நான் ஏன் 2-க்கு அலைய வேண்டும்’ என்று கேட்கத் தோன்றும். அந்த 6 கருவி செய்பவருக்குக் கொடுத்த சலுகை. வோல்ட்டை எண்ணாக மாற்றுவது வெறும் பெருக்கல் கணக்கு, அதில் பிழை இருக்க எந்தக் காரணமும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் பிழையின் தலையில் நாமும் ஒன்றை ஏற்றக் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். டியூப் வழியாக மூச்சு மானிட்டருக்கு வந்துசேர நேரமாகும். 2 மீட்டர் நீளம், உள்விட்டம் 1 மில்லிமீட்டர் என்றால் டியூபுக்குள் 1.6 மில்லி பிடிக்கும். நிமிடத்துக்கு 50 மில்லி இழுக்கும் கருவியில் அதைக் கடக்கவே ஏறக்குறைய 2 நொடி ஆகிவிடும். காற்றோட்டச் சேனலோடு கார்பன் டை ஆக்சைடு அலை ஒட்டாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். காற்றோட்ட சென்சாரிலும் சாம்பிள் டியூபிலும் சேர்த்து ஒரே ஊதாக ஊதிப் பாருங்கள். இரண்டு அலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அளந்து மென்பொருளில் கொடுத்துவிடலாம்.

கடைசியாக, இதுவரை எடுத்த பதிவுகள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் விதிப்படி, தூங்கிய நேரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு 50-ஐத் தாண்டியிருந்தால் அந்தக் குழந்தைக்கு மூச்சு போதவில்லை என்று குறிக்கிறோம். உங்கள் கணினியில் 50 என்று வந்தது உண்மையில் 47.6. அதாவது 50-க்கும் 52.5-க்கும் நடுவே பதிவான ஒவ்வொரு நிமிடமும் தவறான பக்கத்தில் போய் விழுந்திருக்கிறது. மென்பொருள் மூல சிக்னலை வைத்திருக்கும் என்றால், பழைய பதிவைத் திறந்து 38 இருக்கும் இடத்தில் 36.2 என்று மாற்றினாலே எல்லாம் திரும்பக் கணக்காகிவிடும். வசதி இல்லையென்றால் 0.953-ஆல் பெருக்கிப் பாருங்கள். 38 போட ஆரம்பித்த நாளிலிருந்து இந்த எல்லையில் நின்ற குழந்தைகளின் பட்டியலை எடுத்து, ரிப்போர்ட்டில் கையெழுத்திட்ட டாக்டரிடம் இந்த வாரமே கொடுங்கள். முகமூடி வைத்து இரவு முழுக்கக் காற்று கொடுக்க வேண்டும் என்று அதை வைத்து யாருக்காவது முடிவு செய்திருந்தால் அந்தப் பெயர்களை மேலே எழுதுங்கள்.