கஷ்டத்தில் சந்தோஷப்படச் சொல்கிறதே பைபிள், அது எப்படி முடியும்?

பைபிளில் யாக்கோபு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) முதல் அதிகாரத்தைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கஷ்டம் நல்லது என்று அவர் சொல்லவில்லை. அது விசுவாசத்தைப் புடம்போட்டுப் பொறுமையை வளர்க்கும், அதனால் சந்தோஷமாக எண்ணுங்கள் என்கிறார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. வலை, படகு எல்லாம் கறுத்துப்போய்ப் பலரால் தொழிலுக்கே போக முடியவில்லை. அந்த நேரத்தில் ஒருவரிடம் போய் ‘ஸ்தோத்திரம் சொல்லுங்க’ என்பது கொடுமை. பக்கத்தில் உட்கார்ந்து அழுவதுதான் முதல் வேலை. நண்பன் லாசரு இறந்து அவன் வீட்டார் அழுதபோது இயேசுவும் கண்ணீர் விட்டாரே!

அப்புறம் மெதுவாக ஒன்று நடக்கும். பட்டவனுக்கு அடுத்தவன் வலி புரிய ஆரம்பிக்கும். தன் வீட்டில் அரிசி குறைவாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக்கு ஒரு படி அளந்து கொடுக்க மனசு வரும். ஆவிக்குரிய வளர்ச்சி என்று நான் நம்புவது இதைத்தான்.

அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி ஊர்ச் சபையாருக்குச் சிறையிலிருந்துதான் நிருபம் எழுதினார். சந்தோஷமாயிருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறவர், தனக்கு உதவ வந்த எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்ததையும் மறைக்கவில்லை. அவர் இறந்திருந்தால் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று அதே நிருபத்தில் எழுதுகிறார். அதனால் சந்தோஷம் வரவில்லையே என்று உங்களைக் குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள். இப்போதைக்கு பைபிளில் சங்கீதம் என்ற ஜெபப் பாடல்களில் 13-ஆவதை எடுத்து, ‘எதுவரைக்கும் கர்த்தாவே’ என்று சத்தமாகவே கேளுங்கள்.