ஆய்வேட்டில் என் குறிப்புகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தன்வரலாற்றுக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்துவருபவன் நான். அண்மையில் வேறொரு தேவைக்காக ஒரு பல்கலைக்கழக ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அதில் ஓர் இயல் முழுவதும் உங்கள் எழுத்தைப் பற்றியதாக இருப்பதைக் கண்டு திகைத்துப்போனேன். நீங்களும் உங்கள் துணைவரும் ஒரே வீட்டில் குடியேறியதைப் பற்றியும், அக்காவிடம் உண்மையைச் சொன்னதைப் பற்றியும் எழுதிய பத்திகள் வரிக்கு வரி மேற்கோளாகத் தரப்பட்டு, அவற்றின்கீழ் எனக்குப் பழக்கமில்லாத கோட்பாட்டு மொழியில் விளக்கம் எழுதப்பட்டிருந்தது. இது உங்களுக்குத் தெரியுமா? உங்களிடம் அனுமதி கேட்டார்களா?

நானும் தன்பாலீர்ப்பு கொண்டவன். வீட்டில் யாருக்கும் தெரியாது. புனைபெயரில் சில குறிப்புகளை எழுதி வெளியிட்டு வருகிறேன். உங்களைப் படிக்கும்போதெல்லாம் ஒரு நண்பர் என்னிடம் மட்டும் பேசுவதாக உணர்ந்திருக்கிறேன். அதே வரிகளை ஆய்வேட்டில் பார்த்தபோது, அந்தப் பேச்சை யாரோ ஒட்டுக்கேட்டுக் குறித்துக்கொண்டது போல இருந்தது. நாளை என் எழுத்துக்கும் இது நேரலாம் அல்லவா? எழுதுவதையே நிறுத்திவிடலாமா என்றும் யோசிக்கிறேன். நீங்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்று அறிய விரும்புகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஆய்வேட்டைப் பற்றி எனக்குத் தெரியும். ஆனால் அது எழுதப்பட்ட காலத்தில் தெரியாது. யாரும் அனுமதி கேட்கவில்லை. ஆய்வு முடிந்து பட்டமும் வழங்கப்பட்ட பிறகு, அதைச் சுட்டிய இன்னொரு கட்டுரையின் அடிக்குறிப்பில் என் புனைபெயரைத் தற்செயலாகப் பார்த்து, மூலத்தைத் தேடியெடுத்துப் படித்தேன். முதலில் எனக்கு வந்தது மகிழ்ச்சிதான் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. யாராவது ஓரிருவர் படித்தால் போதும் என்று எழுதியவற்றை, ஒருவர் ஆண்டுக்கணக்கில் உடன் வைத்திருந்து, தொடக்ககாலக் குறிப்பு ஒன்றைப் பின்னாளில் எழுதியதோடு ஒப்பிட்டு, இடையில் என் மொழி எங்கே மாறியது என்றுகூடக் கவனித்திருக்கிறார். நம்மைப் போன்றவர்களின் வாழ்க்கையை வசையாகவோ பரிதாபமாகவோ மட்டுமே பேசிய ஓர் உலகத்தில், அதே வாழ்க்கை பொறுமையான வாசிப்புக்கு உரியதாகக் கருதப்பட்டிருப்பது எனக்குப் பெரிய விஷயம்.

அந்த மகிழ்ச்சி பின்னிணைப்பு வரைக்கும்தான் இருந்தது. அங்கே ஓர் அட்டவணை இருந்தது. அதில் என் வயது எந்த வரம்பில் வரும், என்ன தொழில், எத்தகைய ஊர், உடன்பிறந்தவர் எத்தனை பேர், உறவு எப்போது தொடங்கியது ஆகிய விவரங்கள் கட்டம்கட்டமாகத் தரப்பட்டிருந்தன. அடுத்த கட்டத்தில் என் துணைவரின் தொழிலும் இருந்தது. இவற்றில் எதுவும் திருடப்பட்டதல்ல. எல்லாமே நானே எழுதி வெளியிட்டவை. ஆனால் ஒரு தகவலை ஓரிடத்திலும் இன்னொன்றை வெகுதொலைவில் வேறோரிடத்திலுமாகச் சிதறவிட்டிருந்தேன் என்றால், அது கவனக்குறைவால் அல்ல, தற்காப்புக்காக. தனித்தனியாக இருக்கும்போது யாரையும் சுட்டாத அந்தத் தகவல்கள், ஒரே வரிசையில் வைக்கப்பட்டதும், அலுவலகத்தில் தன்னைப் பற்றி எதுவும் சொல்லியிராத ஒரு மனிதரின் இருக்கைக்கு நேராக விரலை நீட்டின. என் பெயருக்கு நேரும் எதையும் நான் தாங்கிக்கொள்வேன். அவருடைய பெயரைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை எனக்கே கிடையாது என்னும்போது ஆய்வாளருக்கு எப்படி இருக்க முடியும்?

இயலுக்குள் நடந்த வாசிப்பு வேறு விஷயம். அதைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. அக்கா முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவர் வருவதற்குச் சற்றுமுன் கட்டிலில் இருந்த இரண்டு தலையணைகளில் ஒன்றை எடுத்து அலமாரிக்குள் வைத்ததையும், அவர் போன பிறகு அதை எடுத்துப் போட மறந்து, இரவு நாங்கள் இருவரும் ஒரே தலையணையில் தலைவைத்துச் சிரித்ததையும் ஒரு குறிப்பில் எழுதியிருந்தேன். நான் அதை ஒரு காதல் குறிப்பாகத்தான் நினைத்து எழுதினேன். ஆய்வாளரோ சிரிப்பை விட்டுவிட்டு அலமாரியைப் பிடித்துக்கொண்டார்: சொந்த வீட்டிலேயே தடயத்தை அழிக்கப் பழகிய உடலைப் பற்றிய குறிப்பு அது என்று எழுதியிருந்தார். படித்ததும் மனம் முரண்டியது. பிறகு பழைய குறிப்புகளை அவர் கண்ணோடு திரும்பப் படித்தேன். பல் துலக்கும் தூரிகை, சுவரிலிருந்து கழற்றிவைத்த புகைப்படம், அழைப்பு மணி அடித்ததும் தணிந்துபோகும் குரல் என்று எதையாவது ஒளித்துவைக்கும் செயல் குறிப்புக்குக் குறிப்பு வந்துகொண்டே இருந்தது. எழுதிய எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. சிரிப்பை விட்டது குறைதான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் பயத்தைக் கண்டது அவர்தான். எழுதியவனுக்கு எழுத்தின்மீது இருக்கும் உரிமை, அதன் பொருளைத் தீர்மானிக்கும் உரிமையாக நீள முடியாது என்பதை நான் ஏற்கிறேன். நான் வழக்காடுவது பொருளுக்காக அல்ல, ஆளுக்காக.

இந்த வழக்கு பழையது. ரிச்சர்ட் வான் க்ராஃப்ட்-எபிங் என்ற மனநல மருத்துவர் 1886இல் தம் பாலியல் நோய்க்கூற்று நூலை வெளியிட்டபோது, பொதுமக்கள் படித்துவிடக்கூடாது என்று சில பகுதிகளை லத்தீனில் எழுதினார். ஆனாலும் மருத்துவர் அல்லாத பலர் அதைப் படித்தார்கள். அதில் தங்களைக் கண்டுகொண்டவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதி அவருக்கு அனுப்பினார்கள். அந்தக் கடிதங்கள் அடுத்தடுத்த பதிப்புகளில் இடம்பெற்றன. எழுதியவர்களில் தாங்கள் நோயாளிகளே அல்லர் என்று மருத்துவரோடு வாதிட்டவர்களும் இருந்தார்கள். நோயின் பட்டியலாகத் தொடங்கிய ஒரு நூல், தன்னைப் போல் இன்னொருவர் இருக்கிறார் என்று வாசகர்கள் முதன்முதலாக அறிந்துகொண்ட இடமாகவும் ஆனது. ஆய்வு நம்மைச் சிறைப்படுத்தியிருக்கிறது என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வராததற்கு இது ஒரு காரணம்.

ஜான் ஆடிங்டன் சைமண்ட்ஸின் கதை இன்னும் நெருக்கமானது. ஆங்கில இலக்கிய அறிஞரான அவர், தம் தன்பாலீர்ப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றி ஒரு தன்வரலாற்றை எழுதினார். ஹேவ்லாக் எல்லிஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து இப்பொருள் பற்றிய ஓர் ஆய்வு நூலையும் திட்டமிட்டு, தம் சொந்த வாழ்க்கையையே பெயர் சுட்டாத ஒரு விவரமாக அதற்குத் தந்தார். நூல் வெளிவருமுன் 1893இல் இறந்துபோனார். 1897இல் ஆங்கிலப் பதிப்பு அவர் பெயரையும் தாங்கி வந்தபோது, அவருடைய எழுத்துக்குப் பொறுப்பாளராக இருந்த நண்பர் ஹொரேஷியோ பிரவுன் குடும்பத்தின் நற்பெயரைக் கருதி அந்தப் பதிப்பின் பிரதிகளை வாங்கிவிட்டார். அடுத்த பதிப்பில் சைமண்ட்ஸின் பெயர் இல்லை. அதாவது ஆய்வை வேண்டி விரும்பித் தேடிப்போனவரின் பெயர் எடுக்கப்பட்டது, கூச்சத்தோடு தந்த விவரம்தான் எஞ்சியது. தன்வரலாற்றின் கையெழுத்துப் பிரதி லண்டன் நூலகத்தில் 1976 வரை பூட்டப்பட்டுக் கிடந்தது. 1984இல் சுருக்கமாகவும் 2016இல் முழுமையாகவும் அதைப் பதிப்பித்து வெளிக்கொண்டுவந்தவர்கள் ஆய்வாளர்கள்தான். நம் எழுத்தைக் காப்பாற்றப் பிள்ளைகளும் உறவினர்களும் இருப்பார்கள் என்ற உறுதி நம்மில் பலருக்குக் கிடையாது. இருப்பவர்களும் பெட்டியைத் திறந்ததும் நெருப்பைத்தான் தேடுவார்கள். ஒரு நூலகத்தின் அலமாரியில் என் குறிப்புகள் இன்னொருவரின் ஆய்வுக்குள்ளாகவேனும் இருக்கும் என்பதை அதனால்தான் என்னால் அலட்சியமாகத் தள்ள முடியவில்லை.

அலமாரியும் எப்போதும் பாதுகாப்பானதல்ல என்பது வேறு. மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919இல் பெர்லினில் தொடங்கிய பாலியல் ஆய்வு நிறுவனத்தை 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் சூறையாடினார்கள். அங்கிருந்து எடுத்துச்சென்ற நூல்கள் மே 10 அன்று பொதுவெளியில் எரிக்கப்பட்டன. ஓர் ஆவணத்தில் என்னென்ன விவரங்களைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் எவரும், அந்த ஆவணம் நாளை யார் கைக்குப் போகும் என்றும் யோசித்தாக வேண்டும்.

“வெளியிட்ட பிறகு அது பொதுவுடைமைதானே, எதற்கு அனுமதி?” என்ற கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். என்னிடமும் அதுவே சொல்லப்பட்டது. இதே வாதம் 1970இல் வேறு உருவத்தில் எழுந்தது. லாட் ஹம்ஃப்ரீஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பொதுக் கழிப்பறைகளில் சந்தித்துக்கொண்ட ஆண்களைக் கூர்ந்து கவனித்து, அவர்களின் கார் எண்களைக் குறித்துக்கொண்டு, முகவரிகளைக் கண்டுபிடித்து, ஏறத்தாழ ஓராண்டு கழித்துத் தோற்றத்தை மாற்றிக்கொண்டு, சுகாதாரக் கணக்கெடுப்பு என்ற பெயரில் அவர்கள் வீடுகளுக்கே போய்ப் பேட்டி எடுத்தார். அவர்களில் பலர் திருமணமாகிக் குடும்பம் நடத்தியவர்கள் என்பது போன்ற உண்மைகள் அந்த ஆய்வில் வெளிப்பட்டன; அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. இருந்தும் அந்த ஆய்வு இன்றுவரை எச்சரிக்கையாகவே கற்பிக்கப்படுகிறது. ஒருவர் பொது இடத்தில் நிற்பதாலேயே தன்னைப் பின்தொடர இசைந்தவர் ஆகிவிடமாட்டார்.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு எவலின் ஹூக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் 30 பேர், அல்லாதவர்கள் 30 பேர் என இரு குழுக்களுக்கும் உளவியல் சோதனைகள் நடத்தி, முடிவுகளை அடையாளம் மறைத்து வல்லுநர்களிடம் தந்தார். யார் எந்தக் குழு என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1957இல் வெளிவந்த அந்த ஆய்வு, 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்குவதற்குத் துணைநின்றவற்றில் முக்கியமானது. அந்த ஆய்வுக்கான தூண்டுதலே அவருடைய மாணவராக இருந்த தன்பாலீர்ப்பாளர் ஒருவரிடமிருந்து வந்தது. பங்கேற்ற தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் எதற்காகத் தங்களைத் தருகிறோம் என்று தெரிந்தே தந்தார்கள். தெரிந்து தருவதற்கும் தெரியாமல் எடுக்கப்படுவதற்கும் இடையில் உள்ள தூரத்தைத்தான் நான் ஆய்வாளருக்கு எழுதிய கடிதத்தில் சொன்னேன்.

ஆம், அவருக்கு எழுதினேன். கோபத்தை ஆறவிட்ட பிறகு, அட்டவணையிலிருந்து என் துணைவரைப் பற்றிய விவரத்தை நீக்கவும், நூலாக்கும்போது மேற்கோள்களில் சிலவற்றை அவருடைய சொற்களில் மாற்றி எழுதவும் கேட்டுக்கொண்டேன். சொல்லுக்குச் சொல் தரப்படும் ஒரு வரியைத் தேடுபொறியில் இட்டால் எழுதியவரின் வாசலில் போய் நிற்கலாம் என்பதால், பெயரை மறைத்துவிட்டு வரியை அப்படியே தருவது மறைப்பே ஆகாது. இணைய ஆய்வாளர் சங்கம் 2002இலேயே வெளியிட்ட நெறிமுறை, எழுதியவர் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படக்கூடியவரோ அவ்வளவு அதிகமாக ஆய்வாளரின் கடமை கூடுகிறது என்கிறது. ஆய்வாளர் வருத்தம் தெரிவித்து மறுமொழி எழுதினார். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு என் குறிப்புகளை வெளிவந்த நூலைப் போன்றவையாகக் கருதி, அனுமதி கேட்பதிலிருந்து விலக்களித்துவிட்டது என்றும், நான் மறுத்துவிடுவேனோ என்ற தயக்கத்தில் தாமும் கேட்காமல் இருந்துவிட்டதாகவும் சொன்னார். பல்கலைக்கழகச் சேமிப்பில் இப்போது திருத்திய வடிவம் இருக்கிறது. நீங்கள் பார்த்தது பழையதாக இருக்கலாம். தலையணை பற்றிய பகுதியை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். அதற்குக்கீழ் என் புனைபெயரைத் தெளிவாகப் போடும்படியும் கேட்டேன். மறைக்கப்படுவதை விரும்பாத எழுத்தாளரும் உண்டு. பிறர் சிந்தனைக்குத் தன் வரிகள் உதவும்போது அவற்றின் ஆசிரியராக அறியப்பட விரும்புவது நியாயமான ஆசை. எந்த இடத்தில் பெயர் வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்பதை ஒரே விதியால் முடிவுசெய்ய முடியாது என்பதால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

உங்கள் நிலைமை என்னுடையதைவிடக் கடினமானது. என் வீட்டில் இப்போது எல்லோருக்கும் தெரியும்; உங்கள் வீட்டில் தெரியாது. ஆகவே எழுதுவதை நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்வதை, துணிந்து எல்லாவற்றையும் எழுதுங்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊர், தொழில், ஆண்டு, உடன்பிறந்தவர்கள் ஆகியவற்றை மாற்றி எழுதினால் உங்கள் எழுத்தின் உண்மை குறைந்துவிடாது. இன்னொருவரைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வரியையும், எல்லாக் குறிப்புகளையும் ஒருசேர வைத்துப் படிக்கும் ஒருவரின் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். அதேசமயம், அந்தக் கண்ணுக்காக எழுதத் தொடங்கிவிடாதீர்கள். ஆய்வேட்டைப் படித்த பிறகு சில காலம் எனக்கு அது நேர்ந்தது. கோட்பாட்டுக்குத் தோதாக வாக்கியங்கள் தாமாக வளைந்தன. நம் இருவருக்கும் வேண்டிய வாசகர் வேறு ஆள். தன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தன்னைப் போல் ஒருவர் எங்காவது இருக்கிறாரா என்று இந்த நேரத்தில் தேடிக்கொண்டிருப்பவர் அவர். நீங்கள் எழுதாவிட்டால் ஆய்வாளருக்கு ஒரு மேற்கோள்தான் குறையும். அந்த வாசகருக்குக் குறைவது அதைவிட அதிகம்.

உங்கள் எழுத்தை ஆராய விரும்பி யாரேனும் தொடர்புகொண்டால் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பகுதிகளை எடுக்கிறார், மேற்கோளாகவா சுருக்கமாகவா, ஆய்வேடு எவ்வளவு காலத்துக்குப் பொதுப் பார்வையிலிருந்து நிறுத்திவைக்கப்படும், அச்சாகுமுன் உங்களுக்குக் காட்டுவாரா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அப்படி ஒரு கடிதம் வந்து, என்ன எழுதுவது என்று குழப்பமாக இருந்தால் எனக்கு அனுப்புங்கள். நான் எழுதிய கடிதத்தின் படியைத் தருகிறேன், சேர்ந்து யோசிக்கலாம்.

அன்புடன்