கடன் முடிந்தது, ஈசியில் மட்டும் முடியவில்லையே!

கேள்வி: திருச்சியில் வங்கிக் கடனில் வாங்கிய வீடு. முழுத் தொகையும் கட்டி 60 நாள் ஆகிறது. என்ஓசி (கடன் பாக்கி இல்லை என்ற கடிதம்) கொடுத்துவிட்டார்கள், ஒரிஜினல் பத்திரம் கேட்டால் ‘சென்னையிலிருந்து வரணும் சார்’ என்கிறார்கள். ஈசி (வில்லங்கச் சான்று) போட்டால் அடமானம் அப்படியே நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் பத்திரம். சென்னையிலிருந்து வருவதோ எங்கிருந்து வருவதோ அவர்கள் பாடு. கடன் முழுதாக அடைந்த 30 நாளுக்குள் ஒரிஜினல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவு செய்த அடமானத்தையும் நீக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 60 நாளில் முதல் 30 போக மீதிக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை லட்சம்! இதை வாயால் சொல்லிப் பயனில்லை. கடன் முடிந்த தேதியைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பத்திரம் தொலைந்துவிட்டது என்றால் சான்றிட்ட நகல் வாங்க வங்கிதான் உதவ வேண்டும், செலவும் அவர்களுடையது. ஆனால் அதற்குக் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு.

பத்திரம் வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கடன் வாங்கும்போது கொடுத்த ஆவணப் பட்டியலை வைத்துக்கொண்டு, கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரங்கள் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக அங்கேயே உட்கார்ந்து சரிபாருங்கள். கவுண்டர்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அடுத்து ஈசி. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி, அதாவது பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம், பதிவு செய்திருப்பீர்கள். என்ஓசி என்பது வங்கி உங்களுக்குக் கொடுத்த கடிதம், அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பதிவுத்துறை தானாக எதையும் மாற்றாது. வங்கி அதிகாரி கையெழுத்திட்டு ‘ரசீது ஆவணம்’ ஒன்றை அதே அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் எம்ஓடி ரத்தாகும். வீட்டை விற்கும்போது, வாங்குபவர் வந்து டோக்கன் அட்வான்ஸ் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் நாளில் இதற்கு ஓடுவது பெரிய அவஸ்தை, அதனால் பத்திரம் வாங்கும்போதே அதிகாரி என்றைக்கு வருவார் என்று தேதி கேட்டுவிடுங்கள்.

செர்சாய் (அடமானங்களைப் பதிந்து வைக்கும் மத்தியப் பதிவகம்) பதிவை நீக்கச் சொல்லி அதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். சிபில் அறிக்கையில் கடன் ‘முடிந்தது’ என்று வந்துவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ரசீது பதிவான பிறகும் ஈசியில் பழைய எம்ஓடி தெரியும். பதற வேண்டாம், அது மறையாது. அந்த ஆவண எண்ணைக் குறிப்பிட்டு ரசீதும் தனிப் பதிவாக வந்திருக்கும்.